மாமரத்துக்குப் பங்காளி யார்? உயிர்களின் பரிணாம உறவைக் கண்டுபிடிக்கும் முறை: முழுமையான வழிகாட்டி

சேலத்துக்காரர்களுக்கு மாம்பழத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. குண்டு எது, மல்கோவா எது, இமாம் பசந்த் எது என்று முகர்ந்தே சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த மாமரத்துக்கு நெருங்கிய சொந்தம் எந்த மரம் என்று கேட்டால் பதில் சட்டென்று வராது. முந்திரியா? தோட்டத்து ஓரத்தில் நிற்கும் ஒதியனா? துணிக்குக் குறி போடப் பயன்பட்ட சேராங்கொட்டையா? வேம்பா?

இதைத் தீர்மானிக்க அறிவியலில் தெளிவான முறை இருக்கிறது. உலகம் முழுக்க தாவரவியலாளர்களும் விலங்கியலாளர்களும் கிருமிகளை ஆராய்பவர்களும் அதே முறையைத்தான் பின்பற்றுகிறார்கள். சேலம் சமவெளியிலும் சேர்வராயன் மலையிலும் நாம் பார்க்கிற மரங்களை வைத்தே அதை முதலிலிருந்து செய்து பார்ப்போம். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் நினைவில் இருந்தால் போதும்.

முதலில், உறவு என்றால் என்ன

இரண்டு உயிர்கள் நெருங்கிய உறவு என்றால், அவற்றின் பொது மூதாதை அண்மைக் காலத்தில் வாழ்ந்தது என்று பொருள். அவ்வளவுதான். நம் வீட்டுப் பங்காளி முறையும் இதே கணக்கு. அண்ணன் தம்பி அப்பாவில் சேர்கிறார்கள், சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் தாத்தாவில் சேர்கிறார்கள். முகஜாடை யாருக்கு யாரைப்போல இருந்தாலும் இந்த முறை மாறாது. சார்லஸ் டார்வின் 1837-இல் தன் குறிப்பேட்டில் கிளைகள் பிரியும் ஒரு சிறு படம் வரைந்தார். 1859-இல் அவர் வெளியிட்ட நூலில் இருந்த ஒரே படமும் கிளைபிரியும் வரைபடம்தான்.

ஜாடையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் கண்முன்னே ஒரு சாட்சி இருக்கிறது. தாமரையும் அல்லியும் ஒரே குளத்தில் வளர்கின்றன. இரண்டுக்கும் வட்ட இலை, நீண்ட தண்டு, அடுக்கடுக்கான இதழ். நெடுங்காலம் இரண்டையும் ஒரே குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால் தாமரை மகரந்தத்தில் மூன்று பிளவுகள் இருக்கும், அல்லியில் அப்படி இருக்காது. 1993-இல் சுமார் 500 தாவரங்களின் ஒரு பசுங்கணிக மரபணுவை ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வு வெளியானது. அந்த வகை ஆய்வுகளின் பலத்தில், 1998-இல் வந்த புதிய வகைப்பாடு தாமரையை அல்லியிடமிருந்து பிரித்து வேறு வரிசையில் (பல குடும்பங்கள் அடங்கிய பெரிய பிரிவில்) வைத்தது. அதே வரிசையில் இருக்கும் இன்னொரு மரத்தை ஏற்காடு போகிற யாரும் பார்க்காமல் திரும்ப முடியாது. காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக நெட்டையாக நிற்கும், மிளகுக்கொடி படர்ந்த, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக்! குளத்துத் தாமரைக்கு அல்லியைவிட அந்த மலைமரம்தான் நெருக்கம்.

வெவ்வேறு வழியில் வந்த உயிர்கள் ஒரே மாதிரிச் சூழலில் வாழ்ந்து ஒரே மாதிரி ஆவதைக் குவிபரிணாமம் என்கிறோம். உறவைத் தேடுகிறவருக்கு முதல் எதிரி இதுதான்.

படி 1: கேள்வியைச் சுருக்கி, வெளியாளைத் தேர்ந்தெடுங்கள்

"எல்லா மரங்களும் எப்படி உறவு?" என்று தொடங்கினால் எங்கும் போய்ச் சேர மாட்டோம். நம் கேள்வி இது: மா, முந்திரி, சேராங்கொட்டை, ஒதியன் ஆகிய நான்குக்குள் யாருக்கு யார் நெருக்கம்?

இந்த நான்கும் ஒரே குடும்பம். அடுத்துத் தேவைப்படுவது ஐந்தாவதாக ஒரு வெளியாள். இந்த நான்கின் கூட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும், ஆனால் ரொம்பத் தூரமும் போகக் கூடாது. அறிவியலில் இதை வெளிக்குழு என்கிறார்கள். ஒரு பண்பு பழையதா புதிதா என்று சொல்ல வெளிக்குழுவே அளவுகோல். அது இல்லாமல் வரைந்த உறவு மரத்துக்கு, அதாவது கிளைபிரியும் வரைபடத்துக்கு, வேர் எங்கே என்று தெரியாது.

நமக்குப் பொருத்தமான வெளியாள் கிளுவை. நம் ஊர்ப்பக்கம் உயிர்வேலியாக நடுகிறோமே, அதே கிளுவைதான். அது குங்கிலிய மரங்களின் குடும்பம். மாங்குடும்பத்துக்கு அடுத்த வீட்டுக் குடும்பம் அது. இன்னும் ஒரு வெளியாள் வேண்டும் என்றால் வேம்பைச் சேர்த்துக்கொள்ளலாம். வேம்பு, எலுமிச்சை, கறிவேப்பிலை, பூந்திக்கொட்டை எல்லாம் இதே பெரிய வரிசைக்குள் அடங்குபவை.

படி 2: மாதிரி சேகரித்தல்

ஒவ்வொரு மரத்திலும் பூ, காய், இலை மூன்றும் உள்ள ஒரு கிளையை எடுத்து, காகிதத்துக்கு இடையில் வைத்து அழுத்தி உலர்த்துங்கள். இடம், தேதி, உயரம், மரத்தின் தோற்றம் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதுங்கள். இதை அலட்சியப்படுத்துபவர்கள் அதிகம். பத்து வருடம் கழித்து ஒருவர் உங்கள் முடிவைச் சந்தேகித்தால், "இந்த மரம்தான்" என்று காட்ட அந்த உலர் மாதிரி ஒன்றுதான் ஆதாரம். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல உலர்தாவரக் கூடம் இருக்கிறது. ஏற்காட்டிலும் அதே நிறுவனத்தின் ஆர்க்கிடு தோட்டம் 1963 முதல் இயங்குகிறது.

டி.என்.ஏ.வுக்கு இளம் இலைகளைத் தனியாக எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட பைக்குள் வைத்துச் சீக்கிரம் உலர்த்த வேண்டும். மெதுவாகக் காய்ந்தால் டி.என்.ஏ. சிதைந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கை. காப்புக் காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு இலையும் பறிக்காதீர்கள். சேராங்கொட்டையை வெறும் கையால் தொடாதீர்கள், அதன் பால் பட்டால் தோல் கொப்பளித்துப் புண்ணாகிவிடும்.

படி 3: பண்புகளைப் பட்டியல் போடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. கண்ணும் கையும் லென்ஸும் போதும்.

சூலறையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கிளுவையின் ஒவ்வொரு அறையிலும் இரண்டு சூல்கள் இருக்கும். வேம்பிலும் இரண்டு. மா, முந்திரி, சேராங்கொட்டை, ஒதியன் நான்கிலும் அறைக்கு ஒன்றுதான். ஆக, ஒற்றைச் சூல் என்பது இந்த நால்வரின் மூதாதையிடம் புதிதாக வந்த மாற்றம்.

அடுத்து இலை. ஒதியனுக்குக் கூட்டிலை, கிளுவைக்கும் வேம்புக்கும் கூட்டிலை. மா, முந்திரி, சேராங்கொட்டை மூன்றுக்கும் தனியிலை.

மூன்றாவது, தோலை அரிக்கும் பால். மாங்காயைக் காம்போடு கடித்து உதடு வெந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். முந்திரி ஓட்டு எண்ணெயும் கையைப் பொசுக்கும். சேராங்கொட்டையோ இதில் எல்லோருக்கும் மேலே. மூன்றிலும் உள்ளவை ஒரே வகையைச் சேர்ந்த வேதிப்பொருள்கள். ஒதியன் பிசினுக்கு அந்தக் குணம் கிடையாது.

நான்காவது, மகரந்தத்தாள். மாம்பூவில் ஐந்து இருந்தாலும் பெரும்பாலும் ஒன்றுதான் வளர்ந்து மகரந்தம் தரும். முந்திரிப் பூவிலும் பொதுவாக ஒன்று மட்டும் பெரிதாக நீட்டிக்கொண்டிருக்கும். சேராங்கொட்டையில் ஐந்தும் வேலை செய்யும், ஒதியனில் எட்டு.

ஐந்தாவது, காயின் அடியில் உப்பும் காம்பு. முந்திரிப் பழம் என்று நாம் சாப்பிடுவது பருத்த காம்புதான், உண்மையான காய் அதன் நுனியில் தொங்குகிறது. சேராங்கொட்டையிலும் கறுப்புக் கொட்டைக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் சதைப்பற்றான ஒரு பகுதி உண்டு. மாவில் இல்லை, ஒதியனில் இல்லை, கிளுவையில் இல்லை.

பட்டியலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். நான்காவது பண்பு மாவையும் முந்திரியையும் சேர்க்கிறது, ஐந்தாவது முந்திரியையும் சேராங்கொட்டையையும் சேர்க்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உறவின் அடையாளமாக இருக்க முடியாது. இப்படி ஒரு முரண்பாடு வந்தால் சோர்ந்துவிடக் கூடாது. ஆராய்ச்சி உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

படி 4: மாற்றங்களை எண்ணுங்கள்

வில்லி ஹென்னிக் என்ற ஜெர்மன் பூச்சியியலாளர் 1950-இல் ஒரு விதியை அழுத்தமாக முன்வைத்தார். பொதுவாக இருக்கிற எல்லாப் பண்புகளும் உறவைக் காட்டாது, பொதுவாக இருக்கிற புதிய பண்புகள் மட்டுமே காட்டும். ஒதியனுக்கும் வேம்புக்கும் கூட்டிலை இருக்கிறது என்பதால் இரண்டும் நெருக்கம் ஆகிவிடாது. அது பழைய மூதாதையிடமிருந்து இருவரிடமும் மிச்சமிருக்கும் பண்பு.

இனி எண்ணுவோம். கிளுவையை வெளியே வைத்துவிட்டால், மற்ற நான்கையும் இணைக்க 15 வழிகள் உண்டு. ஒவ்வொரு வழியிலும் நம் ஐந்து பண்புகளும் குறைந்தபட்சம் எத்தனை முறை மாறியிருக்க வேண்டும் என்று கணக்கிட வேண்டும். மிகக் குறைந்த மாற்றத்தில் நடக்கும் கதையை முதலில் ஏற்றுக்கொள்வோம். இதற்குச் சிக்கன முறை என்று பெயர்.

முதல் மரம்: முதலில் ஒதியன் பிரிகிறது, பிறகு சேராங்கொட்டை, கடைசியில் மாவும் முந்திரியும் ஜோடி. ஒற்றைச் சூல், தனியிலை, அரிக்கும் பால், ஒற்றை மகரந்தத்தாள் நான்கும் ஒவ்வொரு முறை மாறினால் போதும். உப்பிய காம்பு மட்டும் இரண்டு முறை மாற வேண்டும். மொத்தம் 6.

இரண்டாம் மரம்: முந்திரியும் சேராங்கொட்டையும் ஜோடி. இப்போது காம்புக்கு ஒன்று போதும், மகரந்தத்தாளுக்கு இரண்டு வேண்டும். மொத்தம் மறுபடியும் 6.

மூன்றாவதாக, மாவையும் ஒதியனையும் ஒரு ஜோடியாக்கி, மற்ற இரண்டையும் இன்னொரு ஜோடியாக்கிப் பாருங்கள். தனியிலை, பால், மகரந்தத்தாள் மூன்றும் இரண்டிரண்டு முறை மாற வேண்டியிருக்கும். மொத்தம் 8. இது தள்ளுபடி.

ஆக, இரண்டு மரங்கள் சமமாக நிற்கின்றன. ஐந்து பண்புகளில் இதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல முடியாது. காகிதத்தில் இந்தக் கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் யாரும் கணினிக்குப் போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். உள்ளே என்ன நடக்கிறது என்று அப்போதுதான் புரியும். கையால் முடிவதும் இந்த அளவு வரைதான். பத்து உயிர்களுக்கு வேருள்ள மரங்கள் மூன்றரைக் கோடிக்குக் கொஞ்சம் குறைவு: சரியாக 3,44,59,425.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே குடும்பத்துப் பிஸ்தாவுக்கு மாவின் கிளையில் இருந்தும் கூட்டிலைதான். எனவே தனியிலை இந்தக் குடும்பத்தில் ஒரே முறை வந்தது என்று நம் ஐந்து மரங்களை மட்டும் வைத்து அடித்துச் சொல்லிவிடக் கூடாது. எந்த உயிர்களைச் சேர்க்கிறோம் என்பது முடிவைப் பாதிக்கும்.

படி 5: டி.என்.ஏ.விடம் கேளுங்கள்

உடல் பண்புகள் ஐந்து, பத்து, ஐம்பது என்று கிடைக்கும். டி.என்.ஏ.வில் ஏ, ஜி, சி, டி என்ற நான்கு எழுத்துகளில் ஆயிரக்கணக்கான பண்புகள் கிடைக்கும். அதனால்தான் சமநிலையை உடைக்க இங்கே வருகிறோம்.

இலையை அரைத்து டி.என்.ஏ. பிரிப்பது மாங்குடும்பத்தில் கொஞ்சம் சள்ளை பிடித்த வேலை. பிசினும் துவர்ப்புப் பொருள்களும் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு வரும். இளம் இலையைத் தேர்ந்தெடுப்பதும் கூடுதல் தடவை கழுவுவதும் உதவும். அப்புறம் பி.சி.ஆர். மூலம் வேண்டிய மரபணுவை மட்டும் பெருக்கி, அதன் எழுத்து வரிசையைப் படிக்கிறோம்.

எந்த மரபணு? மெதுவாக மாறும் மரபணு பழைய பிரிவுகளுக்கு, வேகமாக மாறும் மரபணு அண்மைப் பிரிவுகளுக்கு. தாவரங்களில் ஆர்.பி.சி.எல்., மேட்-கே என்ற இரண்டு பசுங்கணிக மரபணுக்களைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். முதலாவது நிதானமாக மாறும், இரண்டாவது கொஞ்சம் விரைவாக மாறும். கூடவே உட்கருவிலிருந்தும் குறைந்தது ஒன்று வேண்டும். ஏன் என்று படி 7-இல் காப்பிச் செடியைப் பார்க்கும்போது தெரியும்.

படித்த வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவதற்கு வரிசைப் பொருத்தல் என்று பெயர். தவறுகள் அதிகம் நுழைவது இங்கேதான். புரிவதற்காக நானே அமைத்த ஒரு சின்ன உதாரணம்:

மா: ஏ டி ஜி சி சி ஏ டி
முந்திரி: ஏ டி ஜி சி ஏ டி

இப்படியே நேராக ஒப்பிட்டால் ஐந்தாம், ஆறாம் இடங்களில் இரண்டு வேறுபாடுகள் தெரியும், ஏழாம் இடத்தில் ஒன்று மிஞ்சும். முந்திரியில் நான்காம் எழுத்துக்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டால் மற்ற ஆறும் அச்சாகப் பொருந்தும். ஒரே ஒரு எழுத்து விடுபட்டது அல்லது சேர்ந்தது என்பதே நம்பத் தகுந்த விளக்கம். மாஃப்ட் போன்ற இலவச மென்பொருள்கள் இதைச் செய்கின்றன. ஆனாலும் முடிவைக் கண்ணால் ஒருமுறை பார்க்காமல் விடாதீர்கள்.

படி 6: மரத்தைக் கட்டி, அசைத்துப் பாருங்கள்

எழுத்துகள் எல்லாம் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. ஏ-யும் ஜி-யும் ஒன்றுக்கொன்று மாறுவது, ஏ-யும் சி-யும் மாறுவதைவிடப் பொதுவாக அதிகம். புரதத்துக்கான மூன்றெழுத்துக் குறியீட்டில் மூன்றாம் எழுத்து மற்ற இரண்டைவிட வேகமாக மாறும். ஒரே இடம் இரண்டு முறை மாறிப் பழைய எழுத்துக்கே திரும்பிவிடுவதும் உண்டு. அதனால் டி.என்.ஏ.வில் வெறும் எண்ணிக்கை போதாது. இந்த வேகங்களை ஒரு கணித மாதிரியாக எழுதி, எந்த மரத்தில் இந்த வரிசைகள் கிடைப்பதற்கான வாய்ப்பு அதிகம் என்று கணக்கிடுகிறார்கள். ஜோசப் ஃபெல்சன்ஸ்டைன் 1981-இல் டி.என்.ஏ.வுக்கு இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இன்று ஐ.க்யூ. ட்ரீ, மெகா போன்ற இலவச மென்பொருள்களே போதும்.

வந்த மரத்தை எவ்வளவு நம்பலாம்? அதற்கும் ஃபெல்சன்ஸ்டைன் 1985-இல் ஒரு வழி சொன்னார். அடுக்கிய வரிசையின் நெடுவரிசைகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, சில திரும்பத் திரும்ப வர, சில விடுபட, அதே நீளத்தில் புதிய தரவைச் செய்ய வேண்டும். அதற்கு ஒரு மரம் கட்ட வேண்டும். இதை ஆயிரம் முறை செய்து, ஒரு கிளை எத்தனை முறை திரும்ப வந்தது என்று எண்ண வேண்டும். கிளையின் மேல் 95 என்று போட்டிருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை வந்தது என்று அர்த்தம். 70-க்குக் கீழே இருக்கும் கிளையை வைத்து நான் எந்த வாதமும் கட்ட மாட்டேன். அதே நேரம், கணித மாதிரியே தவறாக இருந்தால் தவறான கிளைக்கும் 100 வரலாம்.

சரி, நம் வழக்கின் தீர்ப்பு? டி.என்.ஏ. ஆய்வுகள் மாவையும் முந்திரியையும் ஒரே கிளையில் வைக்கின்றன. சேராங்கொட்டை அதே துணைக்குடும்பத்தில் வேறு கிளை. ஒதியன் தனித் துணைக்குடும்பம். ஆக, முதல் மரம் வென்றது. உப்பிய காம்பு முந்திரியிலும் சேராங்கொட்டையிலும் தனித்தனியாக வந்த பண்பு. சதைப்பற்றைத் தின்னும் விலங்குகள் விதையைத் தூக்கிச் செல்லும் என்ற ஒரே தேவைக்கு இரண்டு மரங்களும் ஒரே வழியைக் கண்டிருக்கலாம்.

படத்தைப் படிக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். எந்தக் கிளையையும் அதன் கணுவில் பிடித்துத் திருப்பலாம், உறவு மாறாது. படத்தில் ஒதியனுக்குப் பக்கத்தில் மா எழுதப்பட்டிருந்தால் அது நெருக்கத்தைக் காட்டாது. இருவரும் எந்தக் கணுவில் சேர்கிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள். "ஒதியன் முதலில் பிரிந்தது, எனவே அது மாவின் மூதாதை" என்று சொல்வதும் தவறு. ஒதியனும் மாவைப்போலவே இன்று வாழும் மரம்.

படி 7: மரபணுக்கள் ஒத்துப்போகாதபோது

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். இங்கே புகழ்பெற்ற அரபிகா காப்பியின் பிறப்பே ஒரு நல்ல பாடம். காப்பி இனங்கள் பெரும்பாலும் 22 குரோமோசோம் கொண்டவை, அரபிகாவுக்கு மட்டும் 44. ரொபஸ்டா இனமும் யூஜெனியாய்டிஸ் என்ற ஆப்பிரிக்க இனமும் கலந்து, இரண்டின் குரோமோசோம்களும் முழுசாகச் சேர்ந்து பிறந்தது அரபிகா.

இப்போது பசுங்கணிக மரபணுவை மட்டும் வைத்து மரம் கட்டினால் என்ன வரும்? பெரும்பாலான பூக்கும் தாவரங்களைப்போலக் காப்பியிலும் பசுங்கணிகம் தாய் வழியாக மட்டும் வருகிறது. அரபிகாவின் தாய் வழி யூஜெனியாய்டிஸ். எனவே மரத்தில் அரபிகா அதன் பக்கத்தில் போய் உட்காரும், ரொபஸ்டாவோடு உள்ள உறவு மறைந்தே போகும். உட்கரு மரபணுக்களையும் படித்தால்தான் இரண்டு பெற்றோரும் தெரிவார்கள். உட்கருவிலிருந்து ஒன்றாவது வேண்டும் என்று முன்பு சொன்னதற்கு இதுதான் காரணம்.

படி 8: காலம் சொல்வது

டி.என்.ஏ. வேறுபாடு காலத்தோடு கூடுகிறது. ஆனால் அதை ஆண்டுகளாக மாற்ற, எங்காவது ஒரு இடத்தில் தேதி தெரிந்த புதைபடிவம் வேண்டும். ஜெர்மனியில் மெஸ்ஸல் என்ற இடத்தில் சுமார் 4.7 கோடி ஆண்டுகள் பழமையான பாறையில் முந்திரிக் காய்கள் கிடைத்திருக்கின்றன, உப்பிய காம்போடு! இன்று முந்திரியின் தாயகம் தென் அமெரிக்கா, நம் நாட்டுக்குப் போர்த்துகீசியர் கொண்டுவந்தது. அது ஒரு காலத்தில் ஐரோப்பாவில் இருந்திருக்கிறது என்பது வியப்பாக இல்லையா? நம் மரத்துக்கு இது தரும் செய்தி: 4.7 கோடி ஆண்டுகளுக்கு முன்பே முந்திரி வழி மா வழியிலிருந்து பிரிந்துவிட்டது. புதைபடிவம் தருவது குறைந்தபட்ச வயது மட்டுமே, பிரிவு அதைவிடப் பழையதாக இருக்கலாம்.

வீட்டிலிருந்தே செய்து பார்க்க

ஆய்வகம் இல்லாமலே தொடங்கலாம். ஜென்பேங்க் என்ற டி.என்.ஏ. வரிசைத் தரவுத்தளம் எல்லோருக்கும் இலவசம். தாவரத்தைவிட விலங்கில் தொடங்குவது சுலபம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நடமாடும் காட்டெருமை, நாட்டுப் பசு, எருமை மூன்றையும் எடுங்கள். வெளியாளாக வெள்ளாடு. நான்கின் பெயர்களையும் அறிவியல் பெயரில் கொடுத்து, மைட்டோகாண்டிரியாவில் உள்ள சைட்டோகுரோம் பி மரபணுவின் வரிசையை ஃபாஸ்டா என்ற கோப்பு வடிவத்தில் இறக்குங்கள். முழு நீளம் 1,140 எழுத்துகள். துண்டு துண்டாக உள்ளவற்றை விட்டுவிடுங்கள்.

மெகா மென்பொருளில் நான்கையும் திறந்து, பொருத்தி, புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். அப்போது முதுகெலும்பிகளின் மைட்டோகாண்டிரியக் குறியீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும், சாதாரணக் குறியீட்டில் பார்த்தால் புரதம் பாதியில் முடிந்துவிடுவதுபோல நடுவில் போலி நிறுத்தங்கள் தெரியும். சரியான குறியீட்டிலும் நடுவில் நிறுத்தம் வந்தால், அது உட்கருவுக்குள் இடம்பெயர்ந்த செயலற்ற நகலாக இருக்கலாம். அந்த வரிசையைத் தூக்கிவிட்டு வேறொன்றை எடுங்கள். பிறகு மரத்தைக் கட்டி, வெள்ளாட்டின் பக்கம் வேரை வைத்து, ஆயிரம் முறை குலுக்கிப் பாருங்கள்.

காட்டெருமையும் பசுவும் ஒரு ஜோடியாகவும் எருமை அதற்கு வெளியேயும் வர வேண்டும். வேறு மாதிரி வந்தால் முதலில் பொருத்தலைச் சரிபாருங்கள், அடுத்து இறக்கிய வரிசையின் பெயர்ச்சீட்டை. தரவுத்தளத்தில் தவறான இனப்பெயரோடு ஏறிய வரிசைகளும் உண்டு. அதே இனத்தின் இரண்டு மூன்று வரிசைகளைச் சேர்த்துக் கட்டினால், பெயர் மாறிய வரிசை தன் கூட்டத்தை விட்டுத் தனியாகப் போய் நிற்கும்.